இந்திராணி போட்ட சரிவு

உள்ள வாங்க மேடம். செருப்பு காலோடயே வாங்க, இங்க எல்லாம் சைட்டு மண்ணுதான். இந்திராணி இன்னும் வரல. அஞ்சரைக்கு வேலை விடுவாங்க. அதுக்கப்புறம் வண்டியத் தொடச்சு, எண்ணெய் பாத்து, கண்ணாடியக் கழுவி வெச்சுட்டு அவ கெளம்ப ஆறு ஆயிடும். நீங்க பத்திரிகையில இருந்து வர்றீங்கன்னு எஞ்சினியர் காலையிலயே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னாராம். என்கிட்ட யாரு சொல்றா? பரவால்ல, உக்காருங்க. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்.

அவளப் பத்தி எழுதப் போறீங்க. எழுதுங்க. அந்த சைட்டுல பொக்லைன் ஓட்டற ஒரே பொம்பள அவதான். கொடி புடிச்சு நின்னவ இன்னைக்கு இருபத்திரண்டு டன் வண்டிய ஓட்டறா. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா அவ வர்றதுக்குள்ள நானும் ஒரு நாலு வார்த்த சொல்லிடறேன். நான் மாதையன். அவ புருஷன்னு இப்ப சொல்றாங்க. ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் அவளத்தான் மாதையன் பொண்டாட்டின்னு சொன்னாங்க.

என் பொண்டாட்டி எனக்குத் துரோகம் பண்ணிட்டா மேடம்.

ஐயோ, நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. அந்த விஷயத்துல அவ தங்கம். அந்த மாதிரின்னாக்கூட ஊரு என் பக்கம் நின்னு பேசும். இது வேற. இதச் சொன்னா சிரிக்கறாங்க. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கற என் பொண்ணுகிட்டச் சொன்னேன், அவளும் சிரிக்கறா.

மொதல்ல வேலை என்னான்னு தெரிஞ்சுக்குங்க. அப்பத்தான் புரியும். அரூர் தாண்டிப் புறவழிச்சாலைக்காக ஒரு கரட்ட, அந்தச் சின்னப் பாறை மலைய, நடுவுல பொளந்து வழி போடறாங்க, வரும்போது பாத்திருப்பீங்க. கரட்ட நோண்டறது எவனும் நோண்டுவான். ரெண்டு பக்கமும் சரிவ முடிக்கறதுதான் வேலை. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சாய்வா வரணும். ஒரு எடத்துல பள்ளம், ஒரு எடத்துல மேடுன்னு விட்டா மொத மழைக்கே மண்ணு சரிஞ்சு ரோட்டுல கெடக்கும். பொக்லைன்ல அதச் செய்யணும்னா பெரிய கை மேல ஏறணும், சின்னக் கை உள்ள வரணும், பக்கெட் திரும்பணும். மூணும் ஒரே நேரத்துல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல. வலது கையில ஒரு லீவர், இடது கையில ஒரு லீவர். ஒரு இம்மி முந்துனாலும் பக்கெட் பல்லு சரிவுல பதிஞ்சிடும்.

நான் போட்ட சரிவுல பல்லுத் தடம் பாக்க முடியாது. இருபத்தேழு வருஷம். ஒரு சரிவுலகூடப் பாக்க முடியாது.

என் வண்டி பழைய வண்டி. லீவர் இறுக்கமா இருக்கும். தள்ளணும்னா தோள்ல இருந்து தள்ளணும். சாயங்காலம் வண்டி அதிர்றது நின்னுடும், ஒடம்பு அதிர்றது நிக்காது. சோத்துல கை வெச்சா பருக்கை ஆடும். அதெல்லாம் இந்த வேலையில இருக்கறதுதான். அதச் சொல்லி யாராவது அழுவாங்களா?

இந்திராணி அதே சைட்டுல கொடி புடிக்கறவ. டிப்பர் லாரி பின்னால வரும்போது, என் பக்கெட் சுத்தும்போது, செவப்புக் கொடி, பச்சைக் கொடி. எந்த சைட்டுக்குப் போனாலும் என் வண்டிக்கு எதிர்ல அவதான் நிப்பா. பதினோரு வருஷம். என் வண்டி எப்ப மூச்சு வாங்கும், எப்ப திரும்பும்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்னு நானே எத்தனையோ பேர்கிட்டச் சொல்லியிருக்கேன். அப்படிச் சொன்னதுக்குத்தான் அனுபவிக்கறேன்.

போன தை மாசம் அந்தப் புது வண்டி வந்துச்சு. லாரியில இருந்து எறக்கும்போதே எல்லாரும் வேலைய விட்டுட்டு ஓடினாங்க. நான் போகல. எஞ்சினியர் ஜெயசீலன்தான் ஆள் அனுப்பினாரு. சின்ன வயசு. ஆனா மரியாதை தெரிஞ்ச பையன். "மாதையண்ணே, மொதல்ல நீங்க ஏறிப் பாருங்க. உங்க கை பட்டுத்தான் இது ஓடணும்"னாரு.

வண்டிக் கம்பெனியில இருந்து வந்த பயிற்சிக்காரர் ஒருத்தர் வெளக்கினாரு. பழைய வண்டியில நம்ம கை பலத்துலதான் எல்லாம் நடக்குதாம். இதுல லீவர் ஒயர் வழியா சேதி மட்டும் அனுப்புமாம். மீதிய உள்ள இருக்கற கம்ப்யூட்டர் பாத்துக்குமாம். "சாய்வு எவ்வளவுன்னு திரையில போட்டுட்டா, பக்கெட் அந்தக் கோட்டுக்குக் கீழ போகாதுங்க. நீங்களே தள்ளினாலும் போகாது"ன்னாரு.

"நான் தள்ளினாலும் போகாதுன்னா அப்புறம் நான் எதுக்குங்க?"ன்னு கேட்டேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. "எங்க வெட்டணும், எப்ப நிறுத்தணும், எந்த மண்ணு நிக்கும், எந்த மண்ணு நிக்காது, அது இதுக்குத் தெரியாதுங்களே. அதுக்குத்தான் நீங்க"ன்னாரு.

ஆள மயக்கற பேச்சு. எனக்குத் தெரியாதா? "திரையப் பாத்து ஓட்டறதுக்கு எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இது கொழந்தைங்க வெளையாடற பொம்மை"ன்னு சொல்லிட்டு என் வண்டிக்கே போயிட்டேன். எஞ்சினியர் மறுநாள் வந்து கேட்டாரு. அடுத்த வாரமும் கேட்டாரு. ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டேன். அப்புறம் கேக்கறத நிறுத்திட்டாரு. பாத்தீங்களா, அப்படி என்னைய ஒதுக்கிட்டாங்க.

இனிமேதான் விஷயமே. அந்த வண்டிய ஓட்ட இந்திராணி கத்துக்கிட்டா. சாயங்காலம் வேலை விட்டதும் ஒரு மணி நேரம், ஞாயித்துக்கெழமை முழுநாளு. ஆறு வாரம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல மேடம்! ஒரு வார்த்த!

ஒருநாளு சோறு போடும்போது சொன்னா, "ஏங்க, புது வண்டிக்கு ஆளு பழக்கறாங்களாம். பொம்பளைங்களும் பேர் குடுக்கலாமாம்"னு. "குடு குடு. அப்படியே ஏரோப்ளேனும் ஓட்டு. இப்ப ரசத்த ஊத்து"ன்னேன். அது ஒரு வெளையாட்டுப் பேச்சு. அதப் போயி சம்மதம்னு எடுத்துக்கலாமா?

இன்னொரு நாளு நான் போன்ல கிரிக்கெட்டு பாத்துட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து, "பேர் குடுத்துட்டேங்க, ஞாயித்துக்கெழமைல இருந்து வரச் சொல்றாங்க"ன்னா. கடைசி ஓவரு. நான் ம்ம்னு சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல வந்து சொன்னா அது சொன்னதுல சேருமா?

நடுவுல ஒரு தடவ, "சரிவு முடிக்கும்போது பக்கெட்ட எந்த எடத்துல திருப்ப ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டா. புருஷன் வேலையப் பத்திப் பொண்டாட்டி கேக்கறாளேன்னு எனக்கு சந்தோஷம். தட்ட சாச்சு வெச்சு, கரண்டிய வெச்சு, அரை மணி நேரம் காட்டினேன். மேல் விளிம்ப எப்படி விடணும்ங்கறது வரைக்கும் காட்டினேன். அதெல்லாம் அவ மண்டைக்குள்ள ஏத்திக்கிட்டிருக்கா. நான் எவ்வளவு பெரிய ஏமாளி பாருங்க.

இதையாவது விட்டுடலாம். அடுத்தது சொல்றேன், அதத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு இந்த இடது கை கொஞ்சம் மரத்துப் போகும். மோதிர விரலும் சுண்டு விரலும். காலையில எழுந்திருக்கும்போது இருக்கும், ஒதறினாப் போயிடும். அப்புறம் அப்புறம் ஒதறினாலும் போகல. சோறு சாப்பிடறது வலது கைங்கறதால வெளிய யாருக்கும் தெரியல. சட்டைப் பித்தான ஒத்தக் கையால போடப் பழகிட்டேன். டம்ளர் ரெண்டு தடவ நழுவுச்சு. இந்திராணி பாத்துட்டா. "ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னா. போகலாம், போகலாம்னேன். நாலு மாசம் போகலாம் போகலாம்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டிய விட்டு எறங்குன்னுதான் சொல்லுவான். அதுக்கு எதுக்குப் போறது?

பங்குனியில ஒருநாளு. காலை பதினொரு மணி இருக்கும். மண்ண அள்ளி லாரியில போடறதுக்கு வண்டியத் திருப்பறேன். திருப்பறது இடது கை லீவர்தான். லாரிக்கு நேரா வந்ததும் லீவர விடணும். விட்டுட்டேன்னுதான் நெனைச்சேன். விரலு விடல. எனக்குத் தெரியல, கையில உணர்ச்சி இருந்தாத்தான தெரியும்? வண்டி இன்னும் கொஞ்ச தூரம் சுத்திடுச்சு. லாரிக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மா லெவல் பாக்கற நெட்டைக் கம்பப் புடிச்சுட்டு நிக்கறா. இந்திராணி செவப்புக் கொடியக் கீழ போட்டுட்டு ஓடுறது தெரிஞ்சுது. ஓடிப்போயி கோவிந்தம்மாவப் புடிச்சுக் கீழ தள்ளிட்டா. பக்கெட் அந்தக் கம்ப மட்டும் அடிச்சுச்சு. கம்பு ரெண்டு துண்டு.

ஒண்ணும் ஆகல மேடம். கீழ விழுந்ததுல கோவிந்தம்மாவுக்கு ஒரு பல்லு ஒடஞ்சுது, அவ்வளவுதான். எல்லாரும் ஓடி வந்தாங்க. "லீவர் சிக்கிக்கிச்சு, பழைய வண்டி"ன்னு சொன்னேன். மெக்கானிக் வந்து பாத்துட்டு, லீவர் நல்லாத்தான இருக்குதுன்னான். இப்ப நல்லாத்தான் இருக்கும், அப்பச் சிக்குச்சுன்னேன். நம்பிட்டாங்க. இருபத்தேழு வருஷம் பேர் எடுத்தவன் சொன்னா நம்ப மாட்டாங்களா?

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி என் எதிர்ல உக்காந்தா. "நாளைக்கு நீங்களே எஞ்சினியர்கிட்டச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்"னா. பொம்பள கோவத்துல ஏதோ சொல்றான்னு விட்டுட்டேன். நெசமாவே சொல்லுவான்னு யாரு கண்டா?

நான் சொல்லல. அவ சொல்லிட்டா.

மறுநாளு பத்து மணிக்கு ஆபீஸ் கொட்டகைக்கு வரச் சொன்னாங்க. போனேன். எஞ்சினியரு, மெக்கானிக்கு, லாரிக்காரங்க ரெண்டு பேரு. மேசை மேல ஒரு போல்ட்டும் நட்டும் வெச்சிருந்தாரு. பெரிய நட்டுதான், கொழந்தைகூடப் போட்டுடும். "மாதையண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. போல்ட்ட வலது கையில புடிச்சுட்டு, நட்ட இடது கையால மாட்டிக் காட்டுங்க"ன்னாரு.

எடுத்தேன். மூணு விரல்ல நட்டு நின்னுச்சு. மாட்டும்போது நழுவிடுச்சு. குனிஞ்சு எடுத்தேன். மறுபடியும் நழுவிடுச்சு. மூணாவது தடவ அது மேசைக்கு அடியில உருண்டுபோச்சு. நான் முட்டி போட்டுத் தேடறேன். மெக்கானிக்கு, "விடுங்கண்ணே"ங்கறான். நான் விடல. எடுத்துட்டு நிமிர்ந்து பாக்கறேன், வாசல்ல அவ நிக்கறா. கொடி ரெண்டும் கையில இருக்குது. என்னையத்தான் பாத்துட்டு இருந்தா. அழுதுட்டு இருந்தா.

செய்யறதையும் செஞ்சுட்டு அழுகை என்னத்துக்கு?

என் வண்டிக்கு நான் போட்டிருந்த சாமி மாலைய எடுத்துட்டு எறங்கினேன். கழுத்துல நரம்பு நசுங்கியிருக்குதுன்னு தருமபுரி டாக்டரு சொன்னாரு. இத்தன வருஷத்து அதிர்வு. இறுக்கமான வண்டியில இனி உக்காரவே கூடாது, வேளா வேளைக்குப் பயிற்சி பண்ணணும், பண்ணினா கை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்னாரு. எஞ்சினியரு சாமான் கொட்டகையில உக்காந்து பாத்துக்கச் சொன்னாரு. நானா? திருகாணி எடுத்துக் குடுக்கறதுக்கா? வீட்டுலயே இருக்கேன்னு வந்துட்டேன்.

அதுக்கு மறுவாரம் அவ புது வண்டியில ஏறினா.

நான் பாக்கப் போனேன். ஏன் பொய் சொல்லணும், அவ சொதப்பணும்னுதான் போனேன். டீக்கடைப் பக்கம் நின்னு பாத்தேன். நீலச் சட்டை, தலையில மஞ்சத் தொப்பி, சீட்டுல நேரா உக்காந்திருக்கா. நான் உக்காந்தா கூனிக்கிட்டுத்தான் உக்காருவேன். அவளுக்குத் தோளு அசையவே இல்ல மேடம். மணிக்கட்டு மட்டும் அசையுது. பக்கெட் மேல இருந்து வருது, வழவழன்னு வருது, கோடு வந்ததும் தானா நிக்குது. பின்னால ஆளு யாராவது வந்தா வண்டியே கத்துது. கீழ வரைக்கும் ஒரு இழுப்பு. பல்லுத் தடம் இல்ல. எல்லாரும் கைதட்டினாங்க. கோவிந்தம்மா விசிலே அடிச்சா, அந்த ஒடஞ்ச பல்லு சந்துல.

"வண்டி ஓட்டுது, அவ சும்மா உக்காந்திருக்கா"ன்னு டீக்கடையில சத்தமாச் சொன்னேன்.

அன்னைக்கு வீட்டுல பெரிய சண்டை. "என் வேலையப் புடுங்கிட்டியே"ன்னேன். "அந்த வண்டிய உங்களுக்குத்தாங்க மொதல்ல குடுத்தாங்க. மூணு தடவ குடுத்தாங்க"ன்னா. "என்னைய நாலு பேரு முன்னாடி முட்டி போட வெச்சுட்டியே"ன்னேன். அதுக்கு அவ, "நான் சொல்லாம இருந்து கோவிந்தம்மா செத்திருந்தா?"ன்னு கேட்டா.

"செத்தாளா? சாகலையில்ல?"ன்னேன்.

அந்த வார்த்த எப்படி வந்துச்சோ தெரியல. வந்துடுச்சு. அவ என்னையப் பாத்த பார்வை இருக்குதே, அப்படி ஒரு பார்வைய நான் அவகிட்ட அதுவரைக்கும் பாத்ததில்ல. அதுக்கப்புறம் நான் அவகூடப் பேசறத நிறுத்திட்டேன். அவ பேசினா. சாப்பிட்டீங்களா, கழுத்துக்குப் பயிற்சி பண்ணீங்களா, டாக்டர்கிட்ட நாளைக்குப் போகணும்னு அவ பேசிட்டே இருந்தா. நான் பேசல. துரோகம் பண்ணினவகிட்ட என்ன பேச்சு?

இப்படியே ஒரு மாசத்துக்கும் மேல போச்சு.

வைகாசி மாசம் ஒருநாளு. அவ வேலைக்குப் போனப்புறம் பாக்கறேன், சோத்துப் பாத்திரம் அடுப்பு மேடையில அப்படியே இருக்குது. இந்திராணி எதையும் மறக்கறவ இல்ல. பொக்லைன் ஓட்டற மவராசி ஆனதும் மறதியும் வந்துடுச்சு போலன்னு நெனைச்சேன். பட்டினியாக் கெடக்கட்டும்னும் நெனைச்சேன். அப்புறம் மனசு கேக்கல. எடுத்துட்டுப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சைட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் கொட்டகை நெழல்ல. தெக்குப் பக்கச் சரிவுல தனியா அவ வண்டி மட்டும் நிக்குது. அவ கீழ நிக்கறா. பாத்திரத்த நீட்டினேன். வாங்கிக்கிட்டா. "நான் கோவிந்தம்மாகூடச் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வண்டியப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

மேடம், அந்த வண்டியில எஞ்சின் ஓடிட்டு இருக்குது! கதவு தெறந்து கெடக்குது. திரை எரியுது. யாரு ஓட்டறாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரகசிய எண்ணு உண்டு, அதப் போட்டாத்தான் அசையும். அதையும் போட்டே வெச்சுட்டுப் போயிட்டா. என்ன பொறுப்பில்லாத்தனம் பாருங்க. நான் ஒருநாளாவது அப்படி விட்டிருப்பேனா?

நிறுத்தலாம்னுதான் ஏறினேன்.

உக்காந்தேன். சீட்டு தானா எறங்கி என் எடைக்கு சரியா நின்னுச்சு. உள்ள குளுந்த காத்து. சத்தமே இல்ல. லீவரு என் கட்ட வெரலு நீளம்கூட இல்ல. இடது கைய அதுமேல வெச்சேன். வெரலு மரத்துத்தான் இருக்குது. உள்ளங்கையால லேசா அழுத்தினேன். அவ்வளவுதான், அம்மாம் பெரிய வண்டி பூ மாதிரி திரும்புச்சு. கைய எடுத்தா நின்னுடுச்சு. மறுபடி அழுத்தினேன். திரும்புச்சு. எடுத்தேன். நின்னுச்சு. நான் விட்டது அதுக்குத் தெரியுது மேடம். எனக்கே தெரியாதது அதுக்குத் தெரியுது.

பக்கெட்ட மேல கொண்டுபோனேன். ஒரு இழுப்பு இழுத்தேன். கோட்டுல வந்து நின்னுச்சு. இன்னொரு இழுப்பு. நான் அரை நாளு பண்ற வேலை இருபது நிமிஷத்துல ஆயிடுச்சு. மேல் விளிம்பு மட்டும் கத்தி மாதிரி கூரா நின்னுச்சு. திரைக்கு அதெல்லாம் தெரியாது. மழை பெய்ஞ்சா அந்தக் கூருதான் மொதல்ல ஒடையும், கூடவே மண்ணு வரும். அத லேசா உருட்டி விட்டேன், தண்ணி வழுக்கிட்டுப் போறதுக்கு. ஒரு அஞ்சு மீட்டர் நீளம்.

தோளு வலிக்கல. கழுத்து வலிக்கல. பருக்கை எடுத்தாக்கூட ஆடாது, கை அவ்வளவு நிதானமா இருக்குது.

அப்பத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு மேடம். இவ்வளவு சுளுவாவா? இவ்வளவு சுளுவா செய்யற வேலைக்கா நான் என் கழுத்த ஒடச்சுக்கிட்டேன்? கஷ்டம்தான் வேலைன்னு நெனைச்சுட்டு இருந்தேன். கஷ்டம் தனி, வேலை தனின்னு ஒருத்தனும் என்கிட்டச் சொல்லலியே. இருபத்தேழு வருஷம் எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்திட்ட மாதிரி இருந்துச்சு. கதவச் சாத்திக்கிட்டேன். உள்ள இருந்து சத்தம் வெளிய கேக்காது. நல்ல வண்டிதான்.

மூஞ்சியத் தொடச்சுட்டு எறங்கி வந்துட்டேன். அவ வந்தா. சரிவப் பாத்தா, என் மூஞ்சியப் பாக்கல. "பாத்திரத்த நானே எடுத்துட்டு வந்துடறேன், நீங்க வெயில்ல நிக்காமப் போங்க"ன்னா.

மறுநாளு சாயங்காலம் வந்து, சோத்தப் போட்டுட்டு அவளாப் பேசறா. "தெக்குப் பக்கத்துல அந்த அஞ்சு மீட்டரப் பாத்துட்டு எஞ்சினியர் அசந்துபோயிட்டாரு. மேல் விளிம்ப உருட்டி விட்டிருக்குதே, திரையில அது இல்லியே, யாரு பண்ணினதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"ன்னேன். நாப்பத்தி மூணு நாளுக்கப்புறம் நான் அவகிட்டப் பேசின மொத வார்த்த.

"நான்தான் பண்ணினேன்னு சொன்னேன்"னா.

பாத்தீங்களா? இப்ப சொல்லுங்க! என் வேலைய அவ வேலைன்னு சொல்லிட்டா. வாய் கூசாமச் சொல்லிட்டா. அதோட விட்டாளா? மறுநாள்ல இருந்து சரிவு பூரா அதே மாதிரி விளிம்ப உருட்டி விட்டுட்டு வர்றா. எஞ்சினியரு மத்த வண்டிக்காரங்களயும் கூட்டிட்டு வந்து காட்டறாராம், இந்திராணியக்கா மாதிரி பண்ணுங்கன்னு.

உங்க போன்ல சரிவுப் படம் ஒண்ணு எஞ்சினியரு அனுப்பியிருப்பாரே, அத வெச்சுத்தான எழுத வந்திருக்கீங்க. காட்டுங்க. ஆமா, இதுதான். இது தெக்குப் பக்கம். இந்தப் பாறைக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவுல. பாருங்க, விளிம்பு எப்படி இருக்குது. இத அவ போடல மேடம். இது நான் போட்டது. ஒத்தக் கை மரத்துப்போனவன் போட்டது. எழுதிக்கங்க. மாதையன், வயசு நாப்பத்தொம்பது.

இருங்க.

எழுதாதீங்க. அடிச்சிடுங்க. அந்த நட்டு சமாச்சாரத்துக்கு அப்புறம் சைட்டுல கட்டளை போட்டிருக்காங்க, ஓட்டறவங்க பட்டியல்ல பேர் இல்லாதவன வண்டியில ஏத்தினா ஏத்தினவங்கள அன்னைக்கே எறக்கிடணும்னு. இது வெளிய தெரிஞ்சா அவள எறக்கிடுவாங்க. அவ நல்லாத்தான் ஓட்டறா. நான் பாத்தேன் இல்ல, மணிக்கட்டு மட்டும் அசையுது. எறக்கக் கூடாது.

கேட்டு சத்தம் கேக்குது, அவதான். மூஞ்சி கழுவிட்டு வருவா. எல்லாம் கேளுங்க. வண்டியப் பத்திக் கேளுங்க, கொடி புடிச்சதப் பத்திக் கேளுங்க, என்னையப் பத்தி வேணும்னாலும் கேளுங்க. அந்த விளிம்பப் பத்தி மட்டும் அவகிட்டக் கேக்காதீங்க மேடம். ஒரு தடவ பொய் சொல்லிட்டா. ரெண்டாவது தடவ அவளுக்கு வராது.